கசிவைத் தடுத்த வளையங்கள்: தோல் முதல் டெஃப்லான் வரை

ஒரு பொறியில் அசையும் பாகத்துக்கும் அசையாத பாகத்துக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தே தீரும். இடைவெளி இல்லையென்றால் பாகம் நகராது. இடைவெளி இருந்தாலோ, உள்ளே அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய், நீர் அல்லது வாயு அதன் வழியே வெளியேறும். இந்தச் சிக்கலைத் தீர்க்க அங்கே பொருத்தப்படும் வளையமே கசிவுத்தடை. பட்டறைகளில் இதை 'சீல்' என்றே சொல்கிறார்கள். மண் அள்ளும் இயந்திரத்தின் கை, லாரியின் பிரேக், வேதித் தொழிற்சாலையின் பம்பு ஆகிய எல்லாவற்றிலும் சில ரூபாய் முதல் சில ஆயிரம் ரூபாய் வரை விலையுள்ள இந்த வளையத்தை நம்பியே பெரிய பொறி இயங்குகிறது.

நல்ல கசிவுத்தடைக்கு மூன்று குணங்கள் வேண்டும். அது எதிரே உள்ள உலோகத்தின்மீது அழுந்தி நிற்க வேண்டும்; உரசும்போது தேயாமல் வழுக்க வேண்டும்; தொடும் திரவத்தால் கெடாமல் இருக்க வேண்டும். மூன்றும் நிறைவாக அமைந்த ஒரே பொருள் இன்றுவரை கிடைக்கவில்லை. கசிவுத்தடைகளின் வரலாறு, ஒரு பொருளின் குறையை மற்றொரு பொருளின் நிறையால் ஈடுகட்டிய வரலாறாகும்.

பிராமா அழுத்தியும் தோல் வளையமும்

மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதி 17ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. அதைக் கொண்டு பயனுள்ள பொறி செய்ய ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிராமா 1795ஆம் ஆண்டில் நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். விதி எளியது, கசிவுதான் தடையாக இருந்தது. உலக்கை எனப்படும் பெரிய உருளைத்தண்டைச் சுற்றி இறுக்கமாக அடைப்பு வைத்தால் தண்டு சிக்கிக்கொண்டது. தளர்த்தினால் நீர் பீறிட்டது.

இதற்குத் தீர்வு கண்டவராகப் பொதுவாகக் குறிப்பிடப்படுபவர், அப்போது பிராமாவின் பட்டறையில் வேலை பார்த்த இளைஞர் ஹென்றி மாட்ஸ்லே. தோலை நனைத்து அச்சில் அழுத்தி, குறுக்குவெட்டில் 'யு' எழுத்தின் வடிவம் கொண்ட வளையம் செய்யப்பட்டது. நீரின் அழுத்தம் இந்த வளையத்தின் உட்குழிவில் புகுந்து, அதன் இரு உதடுகளையும் அகட்டி, ஒன்றைத் தண்டின்மீதும் மற்றொன்றைச் சுவர்மீதும் அழுத்தியது. அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகியது. அழுத்தம் நீங்கியதும் உதடுகள் தளர்ந்து தண்டை விட்டன. கசிய வைக்கும் அழுத்தத்தையே கசிவைத் தடுக்கப் பயன்படுத்திய இந்த உத்தி இன்றைய நீரியல் கசிவுத்தடைகளிலும் தொடர்கிறது. 1849இல் வேல்ஸில் பிரிட்டானியா பாலத்தின் மாபெரும் இரும்புக் குழாய்களைத் தூக்கி நிறுத்தியவை நீரியல் அழுத்திகளே.

ரப்பர் தந்த மீள்திறன்

தோல் நீரில் ஊறினால் மென்மையாகும், காய்ந்தால் விறைத்து வெடிக்கும், சூட்டைத் தாங்காது. 19ஆம் நூற்றாண்டில் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் வந்தபோது, அழுத்தினால் அமுங்கி, விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும் பொருள் பொறியாளர்களுக்குக் கிடைத்தது. ஆனால் இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊதிப்போகும். 1930களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் ரப்பர் இந்தக் குறையைப் பெருமளவு போக்கியது.

அதே காலத்தில், டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன், தம் எழுபதுகளில், வட்டக் குறுக்குவெட்டுள்ள ரப்பர் வளையத்தைச் சரியான அளவுள்ள பள்ளத்தில் வைத்தால் அது சிறந்த கசிவுத்தடை ஆகும் என்று காட்டினார். 1937இல் விண்ணப்பித்த அவருக்கு 1939இல் காப்புரிமை கிடைத்தது. இதுவே இன்று எங்கும் காணப்படும் 'ஓ ரிங்'. இரண்டாம் உலகப்போரின்போது விமானங்களின் நீரியல் அமைப்புகளுக்கு இது இன்றியமையாததாக இருந்ததால், அமெரிக்க அரசு காப்புரிமையைத் தன்வசப்படுத்திப் பல நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமை அளித்தது.

உருளைக்குள் கிடைத்த வெண்பொடி

ரப்பர் எண்ணெயைத் தாங்கப் பழகியபோதும், கடும் அமிலங்களும் உயர் வெப்பமும் அதற்கு எட்டாதவையாகவே இருந்தன. அந்த இடத்தை நிரப்பிய பொருள் தற்செயலாகக் கிடைத்தது. 1938 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்த டூபான்ட் நிறுவனத்தின் ஜாக்சன் ஆய்வகத்தில், ராய் பிளங்கெட் என்ற 27 வயது வேதியியலாளர் புதிய குளிர்பதன வாயுக்களைத் தேடிக்கொண்டிருந்தார். டெட்ராஃபுளோரோ எத்திலீன் வாயு நிரப்பிய உருளையைத் திறந்தபோது வாயு வரவில்லை. எடையோ குறையவில்லை. அவரும் உதவியாளர் ஜாக் ரெபோக்கும் உருளையை அறுத்துப் பார்த்தனர். உள்ளே வெண்ணிறமான, மெழுகு போன்ற பொடி இருந்தது. வாயு மூலக்கூறுகள் தாமாகவே நீண்ட சங்கிலிகளாகச் சேர்ந்திருந்தன.

அதுவே பாலிடெட்ராஃபுளோரோ எத்திலீன், சுருக்கமாகப் பி.டி.எஃப்.இ. கார்பன் அணுக்களின் சங்கிலியைச் சுற்றி ஃபுளோரின் அணுக்கள் உறைபோல மூடியிருக்கின்றன. கார்பன்–ஃபுளோரின் பிணைப்பு மிகவும் வலுவானது என்பதால், ஏறக்குறைய எந்த அமிலமும் காரமும் கரைப்பானும் இதை ஒன்றும் செய்வதில்லை. உருகிய சோடியம் போன்ற கார உலோகங்களும், உயர் வெப்பத்தில் ஃபுளோரின் வாயுவும் விதிவிலக்குகள். காப்புரிமை 1941இல் கிடைத்தது. டெஃப்லான் என்ற வணிகப்பெயர் 1945இல் பதிவானது.

தயாரிப்புச் செலவு மிக அதிகமாக இருந்ததால் தொடக்கத்தில் இதற்கு வாங்குவோர் இல்லை. அணுகுண்டுத் திட்டம் அந்த நிலையை மாற்றியது. டென்னசியின் ஓக் ரிட்ஜில் அமைந்த கே-25 ஆலையில், யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவை நுண்துளைத் தடுப்புகள் வழியாகச் செலுத்தி யுரேனியத்தைச் செறிவூட்டினர். அந்த வாயு சாதாரண ரப்பரையும் மசகெண்ணெயையும் அரித்துவிடும். அதைத் தாங்கக்கூடிய அடைப்புகளுக்கும் வால்வு உறைகளுக்கும் பி.டி.எஃப்.இ. பயன்பட்டது. சமையலறையின் ஒட்டாத வாணலிக்கு வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தப் பொருள் கசிவைத் தடுக்கும் வேலையில் இறங்கிவிட்டது.

வழுக்கும், ஆனால் மீளாது

பி.டி.எஃப்.இ.யின் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.05 முதல் 0.10 வரை, திடப்பொருள்களில் இது மிகக் குறைவான மதிப்புகளுள் ஒன்று. நகரத் தொடங்கும்போதுள்ள உராய்வுக்கும் நகரும்போதுள்ள உராய்வுக்கும் வேறுபாடு சிறிதே. அதனால் தண்டு விக்கி விக்கி நகராமல் சீராக நகரும். கடுங்குளிர் முதல் 260 டிகிரி செல்சியஸ் வரை தொடர்ந்து பயன்படுத்தலாம். 327 டிகிரியில் உருகினாலும் இது நீர்போல ஓடாது. ஆகவே மற்ற பிளாஸ்டிக்குகளைப் போல அச்சில் உருக்கி ஊற்ற இயலாது. பொடியை அழுத்தி வடிவாக்கி, பின்னர் உலையில் சுட்டு எடுக்கிறார்கள். மட்பாண்டம் செய்யும் முறையை இது ஒத்திருக்கிறது.

இத்தனை நிறைகளுக்கும் எதிராக ஒரு பெருங்குறை உண்டு. இதற்கு ரப்பரின் மீள்திறன் இல்லை. தொடர்ந்து அழுத்தினால் மெல்ல மெல்ல விலகிப் பரவும். இதைக் குளிர்ப்பாய்வு என்பர். புதிதாக இறுக்கிய அடைப்பு சில நாளில் தளர்வதற்கும், அழுத்தம் அதிகமான இடத்தில் வளையம் இடைவெளிக்குள் பிதுங்குவதற்கும் இதுவே காரணம். தூய நிலையில் உரசும்போது விரைவில் தேயவும் செய்யும்.

இக்குறையை இரு வழிகளில் ஈடுகட்டினர். முதல் வழி, நிரப்பிகள் சேர்ப்பது. கண்ணாடி இழை சேர்த்தால் தேய்மானமும் பாய்வும் குறையும். ஆனால் மென்மையான உலோகத் தண்டை அது கீறக்கூடும். வெண்கலப்பொடி வெப்பத்தைக் கடத்தி, எண்ணெய் அழுத்தப் பொறிகளில் நன்கு உழைக்கும். அமிலம் பட்டால் வெண்கலம் அரிபடும். கார்பனும் கிராஃபைட்டும் சேர்ந்தவை மசகு இல்லாத இடங்களுக்கும் பெரும்பாலான வேதிப்பொருள்களுக்கும் ஏற்றவை.

இரண்டாம் வழி, மீள்திறனை வேறொரு பொருளிடம் கடன் வாங்குவது. உரசும் பக்கத்தில் பி.டி.எஃப்.இ. வளையமும், அதன் பின்னால் அதைத் தள்ளிப் பிடிக்க ரப்பர் வளையமும் வைக்கப்பட்டன. ரப்பர் தாங்காத வேதிப்பொருளோ வெப்பமோ இருந்தால், 'யு' வடிவ பி.டி.எஃப்.இ. உறைக்குள் துருப்பிடிக்காத எஃகுச் சுருள்வில் பொருத்தப்பட்டது. பிராமா காலத்துத் தோல் வளையத்தின் அதே வடிவம் இது. அழுத்தம் இல்லாதபோதும் வில் உதடுகளை அகட்டி வைக்கிறது. அழுத்தம் வந்ததும் திரவமே அந்த வேலையைச் செய்கிறது.

சேலஞ்சர் உணர்த்திய பாடம்

மீள்திறன் எவ்வளவு முக்கியம் என்பதை 1986 ஜனவரி 28 உலகுக்குக் காட்டியது. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73 நொடிகளில் சிதைந்து ஏழு பேர் இறந்தனர். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஓ ரிங் வழியாகச் சூடான வாயு கசிந்ததே காரணம். அந்த வளையம் ஃபுளோரின் கலந்த ரப்பரால் ஆனது. வெப்பத்தையும் வேதிப்பொருள்களையும் தாங்குவதில் பெயர் பெற்றது. ஆனால் அன்று காலை குளிர் கடுமையாக இருந்ததால் அது விறைத்து, இணைப்பு அகன்றபோது உடனே விரிந்து இடைவெளியை மூடவில்லை. குளிரில் ஏவ வேண்டாம் என்று ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்திருந்தனர். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பர்த் துண்டு ஒன்றை இடுக்கியில் இறுக்கிப் பனிநீரில் தோய்த்து, அது உடனே மீளவில்லை என்பதை எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். ஒரு பொருளின் பட்டியலிட்ட குணங்கள் சிறந்தவையாக இருந்தாலும், அது வேலை செய்யும் நிலைமையில் சோதிக்கப்பட வேண்டும் என்பதே இதன் பாடம்.

இன்றைய தேர்வு

இன்று பொறியாளர் முன் பல பொருள்கள் உள்ளன. பாலியூரித்தேன் தேய்மானத்தை நன்கு தாங்குவதால் மண் அள்ளும் இயந்திரங்களின் எண்ணெய் உருளைகளில் மிகுதியாகப் பயன்படுகிறது. ஆனால் அதன் சில வகைகள் வெந்நீரில் சிதைகின்றன. மிகை மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன் நீரில் இயங்கும் பொறிகளில் நீண்டநாள் உழைக்கும். சுமார் 80 டிகிரிக்கு மேல் ஏற்றதாகாது. நைலான் வலுவானது, ஆனால் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். 1980களில் சந்தைக்கு வந்த பீக் என்னும் பிளாஸ்டிக்கை ஏறத்தாழ 250 டிகிரி வரை தொடர்ந்து பயன்படுத்தலாம், பி.டி.எஃப்.இ. வளையம் பிதுங்காமல் தாங்கும் துணை வளையமாக அது உதவுகிறது. அடர் கந்தக அமிலம் அதைக் கரைத்துவிடும்.

ஆகவே தேர்வு செய்பவர் கேட்க வேண்டிய கேள்விகள்: தொடும் திரவம் எது, அதன் செறிவு என்ன? மிகக் குறைந்த, மிக உயர்ந்த வெப்பநிலைகள் எவை? அழுத்தம் எவ்வளவு, இடைவெளி எவ்வளவு? தண்டு எவ்வளவு வேகமாக நகர்கிறது, அதன் மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பானது? இயந்திரம் கழுவப்படும் திரவத்தையும் இதில் சேர்க்க வேண்டும். உணவுத் தொழிற்சாலைகளில் பாலைத் தாங்கிய வளையம் காரக் கழுவு நீரில் கெடுவதுண்டு.

அழியாமையின் விலை

கடைசியாக மற்றொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் ஆலையில் பி.டி.எஃப்.இ. தயாரிக்கத் துணைப்பொருளாகப் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருள் ஆற்றிலும் குடிநீரிலும் கலந்தது. மாடுகளை இழந்த ஒரு விவசாயியின் சார்பில் 1999இல் வழக்கறிஞர் ராபர்ட் பிலட் தொடுத்த வழக்கு இதை வெளிக்கொணர்ந்தது. பின்னர் அமைந்த அறிவியல் குழு, சிறுநீரகப் புற்றுநோய் உள்ளிட்ட ஆறு நோய்களுக்கும் இதற்கும் தொடர்பு இருக்க வாய்ப்புண்டு என்று முடிவு செய்தது. 2017இல் சுமார் 3,550 வழக்குகளை முடிக்க 67 கோடி டாலருக்கு மேல் தர நிறுவனங்கள் இசைந்தன. 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பி.எஃப்.ஓ.ஏ.வைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2023இல் ஐந்து ஐரோப்பிய நாடுகள், பி.டி.எஃப்.இ.யையும் உள்ளடக்கிய ஃபுளோரின் சேர்மங்களின் பெருங்குடும்பத்தையே கட்டுப்படுத்த முன்மொழிந்தன.

எதனாலும் சிதையாத தன்மையே இப்பொருளைச் சிறந்த கசிவுத்தடை ஆக்கியது. அதே தன்மையே இக்குடும்பச் சேர்மங்களை மண்ணிலும் நீரிலும் நீங்காமல் தங்க வைக்கிறது. வேறு பொருள் போதுமான இடத்தில் அதைப் பயன்படுத்துவதும், மாற்று இல்லாத இடத்துக்கு மட்டும் பி.டி.எஃப்.இ.யை ஒதுக்குவதும் இன்றைய பொறியாளரின் பொறுப்பாகும்.