சொன்னது வெளியே போகக்கூடாது

தீயணைப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், கிணற்றில் விழுந்த ஒரு குழந்தையை நான்தான் மேலே தூக்கி வந்தேன். உயிர் இல்லை. அதன் பிறகு பல நாள் ராத்தூக்கம் போனது. அதைக் கவனித்தவர் எங்கள் ஷிப்டில் இருந்த மூத்தவர் ஒருவர். டீக்கடைக்குக் கூட்டிப்போய், "என்னடா தம்பி, சொல்லு" என்றார். சொன்னேன். "அண்ணே, ஆபீசருக்குத் தெரிய வேண்டாம்" என்றும் கேட்டுக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி என்று முத்திரை விழுந்துவிடுமோ என்ற கவலை. அவர் கடைசிவரை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இப்படிப்பட்ட ரகசியத்துக்காக அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை ஒரு வழக்கு போயிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகுதான் அதைப் பற்றிப் படித்தேன்.

இல்லினாய் மாநிலத்தில் ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் என்ற ஊர். 1991 ஜூனில் ஒரு குடியிருப்பில் சண்டை என்று தகவல் வந்து, மேரி லூ ரெட்மண்ட் என்ற பெண் போலீஸ் போனார். அங்கே ரிக்கி ஆலன் என்பவரைச் சுட்டார், அவர் இறந்துவிட்டார். கத்தியோடு ஒருவரைத் துரத்தியதால் சுட்டேன் என்றார் ரெட்மண்ட். கையில் ஆயுதமே இல்லை என்றது ஆலன் குடும்பம். சம்பவத்துக்குப் பிறகு ரெட்மண்ட், உரிமம் பெற்ற மனநல ஆலோசகர் கேரன் பேயரிடம் சுமார் 50 முறை மனம்விட்டுப் பேசியிருக்கிறார்.

ஆலன் தரப்பு நஷ்டஈடு வழக்குப் போட்டு, அந்தப் பேச்சின் குறிப்புகளைக் கேட்டது. நீதிபதி உத்தரவிட்டும் இருவரும் முழுசாகக் கொடுக்கவில்லை. அப்படியானால் அதில் ரெட்மண்டுக்குப் பாதகமானது இருப்பதாகவே கொள்ளலாம் என்று ஜூரிகளிடம் சொல்லப்பட்டது. தீர்ப்பு 5,45,000 டாலர். மேல் கோர்ட் அதை ரத்து செய்தது.

உயிரைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு உண்மை தெரிய வேண்டாமா? நியாயமான கேள்விதான். ஆனால் ரகசியம் காக்கப்படாது என்றால் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். அப்போது கோர்ட்டுக்குக் கிடைக்க என்ன இருக்கும்? 1996 ஜூன் 13 அன்று உச்ச நீதிமன்றம் இந்த வழியில் யோசித்து, 7 பேருக்கு 2 பேர் என்ற கணக்கில் ரெட்மண்ட் பக்கம் தீர்ப்பளித்தது.

எதிர்த்து எழுதியவர் நீதிபதி ஸ்காலியா. அம்மாவிடம் பேசித்தான் பலர் ஆறுதல் அடைகிறார்கள், அந்தப் பேச்சுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையே என்று கேட்டார். அதைப் படித்ததும் எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. தீர்ப்பு உரிமம் பெற்ற ஆலோசகரோடு நின்றுவிட்டது. அதே யூனிஃபார்ம் போட்ட சகாவுக்கு அதில் இடமில்லை.

அந்தக் குறையைச் சட்டம் போட்டுத்தான் நிரப்பினார்கள். வாஷிங்டன், கொலராடோ போன்ற மாநிலங்களில் போலீசுக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் தோள்கொடுக்கப் பயிற்சி பெற்ற சக ஊழியரிடம் சொன்னதற்குப் பாதுகாப்பு உண்டு. மத்திய அரசின் போலீஸ் அமைப்புகளுக்கு 2021 நவம்பரில் அப்படியொரு சட்டம் வந்தது. உயிருக்கு ஆபத்து, குழந்தைகள் மீதான கொடுமை, குற்ற ஒப்புதல் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

எங்கள் அண்ணனுக்குப் பயிற்சியும் கிடையாது, சட்டமும் கிடையாது. அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அந்தக் கிணற்றைப் பற்றி என் வீட்டுக்காரியிடம்கூட நான் போன மாதம்தான் சொன்னேன்.