ஆடா, எபனியா?

செயின்ட் ஹெலினா என்றதும் எல்லோருக்கும் நெப்போலியன்தான் ஞாபகம் வரும். 1815-ல் அவரைக் கொண்டுபோய் வைத்த தீவு, தென் அட்லாண்டிக்கில் இருக்கிறது. அவர் போய்ச் சேர்வதற்கு எழுபது வருஷம் முன்பே அங்கே இன்னொரு வழக்கில் தீர்ப்பு ஆகிவிட்டது. வாதி ஒரு செடி, பிரதிவாதி ஆடு!

செடியின் பெயர் எபனி. நம்மூர் கருங்காலிக்கு உறவில்லை. பருத்தி, செம்பருத்தி, வெண்டை இதெல்லாம்தான் இதன் சொந்தம். கட்டை கறுப்பாகக் கனமாக இருப்பதால் அந்தப் பெயர். வெள்ளையாக விரிகிற பூ, வயதாக ஆக இளஞ்சிவப்பாகும். இந்த ஒரு தீவைத் தவிர இயற்கையாக வேறெங்கும் கிடையாது.

தீவை 1502-ல் கண்டுபிடித்த போர்ச்சுக்கீசியர், போகவர கப்பல்களுக்குக் கறி கிடைக்கட்டும் என்று கொஞ்ச காலத்திலேயே ஆடுகளை விட்டார்கள். 1588-ல் அங்கே இறங்கிய ஆங்கிலேயர் கேவண்டிஷ் பார்த்தது ஆயிரக்கணக்கில் ஆடுகள். பெரிய மரத்தை ஆடு சாய்க்காது, ஆனால் முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்துவிடும். கிழட்டு மரம் பட்டால் அந்த இடத்துக்கு வாரிசு இல்லை.

1659-ல் தீவு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஆமாம், நம்ம சென்னைக் கோட்டையை வைத்திருந்த அதே கம்பெனிதான். சுண்ணாம்பு சுட எபனிக் கட்டையையே விறகாக எரித்தார்கள். ஆடுகளால் எபனி அழிகிறது என்ற முறையீடு லண்டன் வரை போனது. 1745-ல் வந்த முடிவு: எபனியைவிட ஆட்டுக்குத்தான் மதிப்பு அதிகம், ஆடுகளைக் கொல்ல வேண்டாம்.

தெரியாமல் செய்ததாகச் சொல்ல முடியாது. கணக்குப் படிக்கிறவனுக்கு இது நன்றாகவே புரியும். ஆடு கப்பலுக்கு விற்கிற சரக்கு, வரவுப் பக்கம் ஏறும். எபனிக்குப் பேரேட்டில் வரியே கிடையாது. செடி போன சரிவில் மண்ணும் சேர்ந்து போனதே, அந்த மலைக்குத் தேய்மானம் எழுத யாருக்கும் தோன்றவில்லை. கணக்கு மட்டும் 'டேலி' ஆகியிருக்கும் :-)

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எபனி அழிந்துவிட்டதாக முடிவு கட்டிவிட்டார்கள். மண்ணிலிருந்து கிடைத்த பட்ட கட்டைகளை வைத்துத் தீவுக்காரர்கள் கைவினைப் பொருள் செய்தார்கள், அவ்வளவுதான்.

1980-ல் குவென்டின் குரோங்க் என்ற தாவரவியலாளரும் தீவைச் சேர்ந்த ஜார்ஜ் பெஞ்சமினும் ஒரு செங்குத்துப் பாறையில் இரண்டே இரண்டு செடிகளைப் பார்த்தார்கள். ஆடு ஏற முடியாத இடம். ஜார்ஜின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான சார்லி, கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிக் கிளைகளை வெட்டி வந்தார். வேர் பிடித்தது. அதற்குப் பிறகு தீவில் நட்ட ஆயிரக்கணக்கான எபனிகள் அந்த இரண்டின் வாரிசுகள்தான். எபனியும் அதன் பங்காளியான செம்மரமும் கலந்து பிறந்த செடிக்குத் தாவரவியல் பெயரில் 'பெஞ்சமினி' என்று சேர்த்திருக்கிறார்கள்.