வேலியோரம் குவித்த கற்கள்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் போன மாசம் போன் பண்ணினாங்க. "அண்ணா, எட்டாம் வகுப்புல பாறை, மண்ணுன்னு ஒரு பாடம் வருதுங்க. எத்தனை நாளைக்குப் படத்தையே காட்டி நடத்துறது? பசங்களை உங்க காட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுங்களா?" தாராளமா வாங்க என்றேன்.

காடு என்றதும் டவுன்காரர்கள் புலி, கரடியை நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்குக் காடு என்றுதான் பேர். சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் இருக்கிறது. மழை குறைச்சல், சரளை கலந்த செம்மண், கொத்துகிற இடமெல்லாம் கல். "கல்லு வெளையற பூமி" என்று அப்பாரு சாகும்வரை சலித்துக்கொண்டார்.

பதினெட்டு பேர் வந்தார்கள். ஆளுக்கு ஐந்து கல், ஒன்று போல் இன்னொன்று இருக்கக் கூடாது என்று சொல்லி விட்டேன். அரை மணி நேரத்தில் களத்து மேடு நிறைந்துவிட்டது. பாதிக்கு மேல் வெங்கச்சாங்கல், அதாவது குவார்ட்ஸ். காலி பாட்டில் மேல் அதை வைத்துக் கீறச் சொன்னேன். கண்ணாடியில் கோடு விழுந்ததும் ஒரே சத்தம். காக்காப்பொன் மினுங்கும் துண்டுகள் சில. வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து எலுமிச்சம்பழம் பிழிந்தால் மெதுவாக நுரைக்கும், அதையும் பார்த்தார்கள்.

ஒரு பையன் கொண்டுவந்ததுதான் வேறு மாதிரி. கறுப்பு, உடம்பெல்லாம் ஓட்டை, ஆனால் நல்ல கனம். "தாத்தா, இது எரிமலைக் கல்லுங்களா?"

எரிமலை இல்லை சாமி, உலை. இரும்புத் தாதுவை உருக்கி இரும்பை எடுத்த பிறகு மிஞ்சுகிற கசடு. சிட்டங்கல் என்போம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் லேசாக இழுத்தது.

இந்த இடத்தில் பாடம் புஸ்தகத்தை விட்டு வெளியே போய்விட்டது. எங்கள் ஊருக்கு வடக்கே நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் அதுதான் என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலை, தமிழி எழுத்து கீறிய பானை ஓடுகள், மணி அறுத்த பட்டறைக் கழிவுகள் எல்லாம் வந்தன. ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தைய தொழிற்பேட்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன். இன்றைய திருப்பூருக்குப் பக்கத்தில்தான்!

ஏன் அந்த இடத்தில்? அதற்குப் பதில் கல்லில் இருக்கிறது. சென்னிமலைப் பக்கம் இரும்புத் தாது. படியூர்ப் பக்கம் கடல்தண்ணி நிறத்தில் பெரில் என்ற பச்சைக்கல். சிவன்மலைப் பக்கம் நீலக்கல் இனமான குருந்தக்கல். பூமிக்கு அடியில் குழம்பு பாறை வெடிப்பில் புகுந்து மெதுவாக ஆறினால் பெரிய பெரிய படிகம் கட்டும். படியூர்க் கல் அப்படி விளைந்தது. கருப்பட்டிப் பாகை மெல்ல ஆறவிட்டால் கல்கண்டு மாதிரிக் கட்டுமே, அந்தக் கணக்கு என்றேன். உடனே புரிந்தது. இந்தியாவிலிருந்து வரும் பெரில் பற்றி ரோமாபுரி பிளினி தன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

எல்லாக் கல்லும் நம்மூர்க் கல் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கொடுமணலில் ஒரே புதைகுழியில் மட்டும் ரெண்டாயிரத்துக்கு மேல் சிவப்புச் சூதுபவள மணிகள் கிடைத்தன. அந்தக் கல் குஜராத் பக்கத்துச் சரக்கு. நீல லாபிஸ் கல் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தது. யாரோ சுமந்து வந்திருக்கிறார்கள், மாட்டிலோ தலையிலோ.

வெள்ளைக்காரனும் இந்தக் கற்களை விடவில்லை. சிவன்மலைப் பாறைகளைப் பற்றி 1901-ல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல்காரர் தனியாகவே எழுதினார். சென்னை நண்பர்களே, உங்கள் பல்லாவரம் மலைக்கல்லுக்கு சார்னக்கைட் என்று பேர் வைத்தவரும் அவர்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னக் கல்லறையின் மேல் கிடப்பது அந்தக் கல் என்பதால் அந்தப் பேர்.

பிறகு மண். பாட்டிலில் ஒரு கை மண், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தோம். மணல் உடனே அடியில் உட்கார்ந்தது. அதற்கு மேல் வண்டல். களி மட்டும் மறுநாள்வரை கலங்கியே கிடந்தது. "அந்தக் கல்லுதான் தேய்ஞ்சு இந்த மண்ணு ஆச்சா?" என்று ஒரு பெண் கேட்டாள். அதே பாறைதான் கண்ணு, அதிலிருக்கும் இரும்பு துருப்பிடித்துத்தான் இந்தச் சிவப்பு என்றேன்.

கிளம்புகிற நேரத்தில் இன்னொரு பெண் வேலியோரக் கற்குவியலிலிருந்து ஓடி வந்தாள். உள்ளங்கையில் உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்பு மணி. நடுவில் துளை.

அந்தக் குவியல் எப்படி வந்தது என்று பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. கிழக்குக் காட்டில் பெரிய பெரிய கற்கள் வட்டமாக நின்றுகொண்டிருந்தன. ஏர் திரும்ப இடைஞ்சல். சொட்டுநீர் போட்ட வருஷம் ஜேசிபி வைத்துப் புரட்டி வேலியில் தள்ளினோம். அப்பா காலத்து வேலை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் வண்டிக்கு வாடகை கொடுத்தது நான். உடைந்த பானை, எலும்பு மாதிரி ஏதோ வந்தது. டிரைவர் பார்த்தார், நானும் பார்த்தேன். மூடிவிட்டு மக்காச்சோளம் விதைத்தேன்.

தொல்லியல் துறைக்குச் சொல்லிடலாமுங்க என்று டீச்சர் ரெண்டு தடவை கேட்டுவிட்டார். சொன்னால் நிலத்தை எடுத்துக்குவாங்க என்று ஊரில் எல்லோருக்கும் பயம், எனக்கும்தான். மேற்குக் காட்டில் இன்னொரு வட்டம் இருக்கிறது, ஏழு கல் மிச்சம். தை மாசம் வரச் சொல்லியிருந்த ஜேசிபிக்காரருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மணி தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெண் தினமும் பள்ளிக்கூடம் விட்டுப் போகையில் வாசலில் நின்று, "தாத்தா, எழுதிப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள்.