பதினைந்து லிட்டர்

2021 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, நண்பர்களோடு தாமான் ஸ்ரீ மூடாவுக்கு மினரல் வாட்டர் கார்ட்டன்களைத் தூக்கிக்கொண்டு போனேன். படிப்பை முடித்து சிவில் இன்ஜினியராக வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வாசலில் சேற்றை வாரித் தள்ளிக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்ததும் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "குடிக்கத் தண்ணி நெறைய கெடக்கு தம்பி. கை கால் கழுவத்தான் சொட்டுத் தண்ணி இல்ல. லோரில ஏதும் கொண்டாந்தீங்களா?"

அன்றிரவு, பேரிடரில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று தேடினேன். நான்கு வருடம் படித்ததில் இது எங்கேயும் வரவில்லை. கிடைத்த விடை 15 லிட்டர். அதில் குடிப்பதற்கும் உணவுக்குமான பங்கு மூன்று லிட்டர்தான். மற்றதெல்லாம் கழுவ, குளிக்க, சமைக்க. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் போனால், அது என்னை மத்திய ஆப்பிரிக்காவின் கோமா என்ற ஊரில் கொண்டுபோய் நிறுத்தியது.

1994 ஜூலை நடுவில், ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்து முடிந்த நேரத்தில், சில நாள்களுக்குள் ஐந்து முதல் எட்டு லட்சம் பேர் எல்லையைக் கடந்து அன்றைய ஸயீரின் கோமாவுக்குள் வந்து இறங்கினார்கள். ஊரை ஒட்டி கீவு ஏரி. கண்ணுக்கெட்டிய தூரம் நன்னீர். தண்ணீர்ப் பஞ்சத்துக்கு வழியே இல்லாத இடம் என்றுதான் வரைபடத்தைப் பார்க்கும் எவரும் சொல்வார்கள். ஆனால் நிலம் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. கழிப்பிடக் குழி தோண்ட முடியவில்லை. புதைகுழியும் தோண்ட முடியவில்லை. வந்தவர்கள் ஏரிநீரை அப்படியே அள்ளிக் குடித்தார்கள். ஜூலை 20 அன்று காலரா உறுதியானது.

முதல் வாரத்தில் அங்கே கொடுக்க முடிந்த சுத்தமான நீர், சராசரியாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு 0.2 லிட்டர். ஒரு கப் தே ஓ அளவு. பத்தாயிரம் பேரில் ஒரு நாளைக்கு ஒருவர் இறந்தாலே அவசரநிலை என்பது நிவாரணத் துறையின் கணக்கு. கோமாவில் அது 20 முதல் 35 வரை போனது. முதல் மாதத்தில் மட்டும் ஏறக்குறைய 50,000 பேர் இறந்தார்கள். காலரா தணியும்போதே இரத்தபேதி தொடங்கிவிட்டது.

என்னை உறுத்தியது, சுத்திகரிப்பு அங்கே பெரிய வித்தையாக இருந்திருக்கத் தேவையில்லை என்பதுதான். கலங்கல் இருந்தால் படிகாரம் போட்டுத் தெளிய விட வேண்டும், குளோரின் கலக்க வேண்டும், அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். முதலாம் உலகப் போரிலேயே படைகளுக்குப் பழகிப்போன வேலை இது. நம் பாட்டிமார் குடத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்ததும் இதன் முதல் பாதிதான். கோமாவுக்கு அமெரிக்க இராணுவம் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் இயந்திரங்களையே விமானத்தில் கொண்டுவந்தது. ஆனால் சுத்தமான நீரை முகாம்களுக்கு ஏற்றிப் போகத் தண்ணீர் லோரிகள் போதவில்லை. வடக்கே கிபும்பா முகாமில் பக்கத்தில் நீரே கிடையாது, எல்லாம் லோரியில் வந்தாக வேண்டும். முகாம்களின் அதிகாரமோ படுகொலையை நடத்திய பழைய தலைவர்கள் கையில். யாருக்கு எவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்பதிலும் அவர்கள் கை இருந்தது. அந்த நவம்பரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு இதைச் சகிக்காமல் வெளியேறியது. அது சரியா என்று எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. அங்கே தாகத்தோடு இருந்த குழந்தைகள் யாரையும் கொன்றவர்கள் இல்லையே.

இந்தத் தோல்வியைப் பற்றிய விசாரணைகளின் விளைவாகத்தான், 1997இல் தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை இயக்கமும் ஸ்பியர் திட்டத்தைத் தொடங்கின. ஒருவருக்கு 15 லிட்டர், ஒரு குழாய்க்கு 250 பேர், வீட்டிலிருந்து குழாய் 500 மீட்டருக்குள் என்று அது எழுதிவைத்தது. முதலில் படித்தபோது ஏதோ டெண்டர் ஆவணம் போல இருந்தது. பின்னணி தெரிந்தபிறகு அப்படிப் படிக்க முடியவில்லை.

கோமாவுக்கு முந்தைய ஆண்டு மலாவியில் நடந்த ஓர் ஆய்வையும் அப்போதுதான் படித்தேன். மொசாம்பிக் அகதிகள் முகாம் ஒன்றில் கிணற்று நீர் சுத்தமாகத்தான் இருந்தது. வாளிக்கு வந்தபின் கெட்டது. காரணம், வாளிக்குள் போன கை. சில குடும்பங்களுக்குக் கை நுழையாத வாயும் ஊற்றும் மூக்கும் உள்ள வாளியைக் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு 31 விழுக்காடு குறைவாக இருந்தது.

அதைப் படித்ததும் ஸ்ரீ மூடா ஞாபகம் வந்தது. அந்த அம்மா கேட்ட மறுநாள், ஒரு லோரியில் ஆயிரம் லிட்டர் தொட்டியை ஏற்றி, அடியில் ஒரு குழாய் பொருத்திக் கொண்டுபோனோம். தண்ணீர் நல்ல தண்ணீர், நானே குளோரின் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அந்த அம்மா ஒரு பழைய பெயிண்ட் வாளியோடு வந்தார். சேற்றுக் கையை உள்ளே விட்டு அலசினார், ஊற்றினார், மறுபடி நிரப்பினார். பக்கத்து வீட்டுப் பிள்ளை தண்ணீர் கேட்டது. அதே கையால் அள்ளிக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று அடுத்தவர் வாளிக்குக் குழாயைத் திறந்துகொண்டிருந்தேன்.