உம் கொட்டத் தெரியாத இயந்திரம்

1966இல் எம்.ஐ.டி.யின் ஜோசப் வைசன்பாம் எலைசா நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்ததையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்பதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அது உருவான விதத்தைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் உரையாடத் தொடங்கியதும் வைசன்பாமை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். மனநல உரையாடல் செயலிகளுக்கு நியாயம் கற்பிப்பவர்கள் இந்தக் கதையில்தான் தொடங்குவார்கள். அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. எழுதியவர் முடித்துவிட்டு விசையைத் தட்டும்வரை எலைசா காத்திருந்தது. குரல்வழி மனநலத் துணைச் செயலிக்கு அந்தப் பொறுமை கிடையாது. பேசியவர் முடித்துவிட்டாரா என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

இன்று பரவலாக உள்ள அமைப்பு மூன்று கட்டங்கள் கொண்டது: குரலை எழுத்தாக்கும், எழுத்துக்கு மறுமொழி தேடும், அதை மீண்டும் குரலாக்கும். அரை விநாடி, முக்கால் விநாடி மௌனம் கேட்டாலே பேச்சு முடிந்தது என்று அது எடுத்துக்கொள்வது வழக்கம். இதற்குக் காரணம் உண்டு. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஆய்வின்படி, ஒருவர் கேள்வி கேட்டு முடித்து அடுத்தவர் பதிலைத் தொடங்கும் இடைவெளி சராசரியாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் துயரத்தில் இருப்பவர் இந்தச் சராசரிக்குள் அடங்கமாட்டார்.

இரவு ஒரு பெண் அத்தகைய செயலியை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “ஒண்ணுமில்ல... சும்மாதான்.” பிறகு நான்கு விநாடி மௌனம். எழுத்தாக்கப்பட்ட வரியில் குறையென்று எதுவும் இல்லை. இயந்திரம் மகிழ்ச்சி தெரிவித்துவிடும், அதுவும் செய்தி வாசிப்பாளரின் தமிழில். கேட்கத் தெரிந்தவர் “ம்” என்பார், அவ்வளவுதான். “வீட்ல யார்கிட்டயும் சொல்லல” என்பது அதற்குப் பிறகே வரும்.

உம் கொட்ட ஆளில்லாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். சம்மதம், சந்தேகம், கிண்டல் என்று தொனிக்கொரு பொருள் தரும் “ம்” என்ற இந்த ஓரெழுத்தைக் குரலறி மென்பொருள்கள் பெரும்பாலும் இரைச்சலோடு சேர்த்துக் கழித்துவிடுகின்றன. ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாத தொழில்நுட்பத் தடை தளர்ந்துவருவது உண்மை: பாரிஸின் கியூட்டாய் ஆய்வகம் 2024இல் வெளியிட்ட மோஷி என்ற குரல் உரையாடல் மாதிரி, பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்கவும் செய்கிறது.

அப்படியானால் இயந்திரம் உம் கொட்டலாமா? தான் இயந்திரம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கொட்டலாம் என்பது என் வாதம். “ம்” என்பது கேட்டதற்குச் சாட்சி; அது கேட்டது உண்மை. “எனக்குப் புரியுது” என்பது பட்டதற்குச் சாட்சி. அதற்கு இயந்திரத்திடம் ஆதாரம் இல்லை. பொய் அங்கேதான் தொடங்குகிறது.

உயிருக்கு ஆபத்து தெரிந்தால் அழைப்பு மனிதரிடம் போயாக வேண்டும். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் இந்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். எண்ணைச் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டிப்பது கைமாற்றல் ஆகாது. மறுமுனையில் ஆள் எடுக்கும்வரை இயந்திரம் இணைப்பிலேயே இருக்க வேண்டும். காத்திருப்பு இசை வேண்டாம், அழைத்தவர் ஏதாவது சொன்னால் ஒரு “ம்” போதும்.