தகர வில்லையிலிருந்து விசா வரை



"விசா வந்துவிட்டது சார்" என்று உங்களில் பலர் செய்தி அனுப்புகிறீர்கள். மகிழ்ச்சியாக இருக்கிறது. கூடவே ஒன்று கேட்கத் தோன்றுகிறது: அந்த அனுமதி உங்களை எந்த முதலாளியோடு கட்டிப்போடுகிறது? கடல் கடந்து வேலைக்குப் போன நம் மக்களின் கதையில் இது பழைய கேள்வி. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களிடம் பாஸ்போர்ட் கிடையாது. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். போகிறவர் கையில் எண் பொறித்த ஒரு தகர வில்லை இருக்கும். அவர் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதற்கு அதுவே அடையாளம். மண்டபம் முகாமில் தொற்றுநோய்ச் சோதனைக்காகச் சில நாட்கள் வைத்திருந்து, பிறகு கப்பலேற்றுவார்கள். வழிச்செலவும் முன்பணமும் கடனாகக் கணக்கில் ஏறும்.

தோட்டம் மாற வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இவருக்கு இவ்வளவு கடன், கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்ட நிர்வாகம் எழுதித் தரும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். ஆள் மாறினாலும் கடன் மாறாது. இந்தத் தமிழ்ச் சொல் ஆங்கில அரசு ஆவணங்களிலேயே இடம்பிடித்தது. 1921இல்தான் இலங்கையில் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இந்தியாவில் 1922இல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1938இல் மலாயாவுக்கும் 1939இல் இலங்கைக்கும் கூலித் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது.

விடுதலைக்குப் பிறகும் பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பமாகவே இருந்தது. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி, சட்டம் இல்லாமல் அதை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவைப் பாருங்கள்: பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து. உங்கள் முதலாளிக்கு அதில் எந்த உரிமையும் இல்லை.

எழுபதுகளில் எண்ணெய்ப் பணம் வளைகுடாவின் கதவைத் திறந்தது. ஏஜெண்டுகளின் மோசடியும் பெருகியது. 1983இல் புதிய குடிபெயர்வுச் சட்டம் வந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இசிஆர் முத்திரை விழும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிலர் இதை அவமானமாக நினைக்கிறார்கள். ஒப்பந்தத்தையும் சம்பளத்தையும் அரசு ஒருமுறை பார்க்கட்டும் என்பதற்காக வந்த பாதுகாப்பு அது. அதைத் தவிர்க்க விசிட் விசாவில் அனுப்புகிறேன் என்று ஏஜெண்ட் சொன்னால், அந்தப் பாதுகாப்பைத்தான் உங்களிடமிருந்து பறிக்கிறார்.

வளைகுடாவில் நடப்பது கஃபாலா முறை. விசாவும் இகாமாவும் கஃபீலின் பொறுப்பில். அவர் சம்மதிக்காமல் வேறு வேலைக்கு மாற முடியாது; விட்டு வெளியேறினால் 'ஓடிப்போனவர்' என்று பதிவாகும். பழைய துண்டை நினைவுபடுத்துகிறது அல்லவா? 2020இல் கத்தார், முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. 2021இல் சவூதியும் சில நிபந்தனைகளோடு தளர்த்தியது. ஆனால் வீட்டு வேலை செய்வோர், வீட்டு டிரைவர்கள் அந்தத் தளர்வில் சேரவில்லை. நம் ஊரிலிருந்து போகிறவர்களில் அந்த வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

படித்தவர்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் எச்1பி விசாவுக்கு விண்ணப்பிப்பது நிறுவனம்தான். வேலை போனால் அதிகபட்சம் 60 நாட்களுக்குள் வேறு நிறுவனம் உங்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது வேறு வழி தேட வேண்டும். சம்பளம் பெரிது, கட்டும் பெரிது.

ஆகவே போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இமைகிரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 'ஃப்ரீ விசா' என்ற பேச்சை நம்பாதீர்கள். விசாவில் ஒரு முதலாளி, வேலை வேறிடம் என்றால் சட்டத்தின் முன் நிற்க உங்களுக்கு இடமே இல்லை. கடன் வாங்கிப் போகாதீர்கள். அன்று தோட்டத்தில் நம்மவர்களைக் கட்டிப்போட்டதும் அந்தக் கடன்தான்.

ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் மூன்றின் நகலையும் வீட்டில் விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கையெழுத்துப் போடும் முன் எனக்கும் ஒரு நகல் அனுப்பினால், உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன குறை!

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்