திருத்தப் பூச்சு (விசையுந்து)

திருத்தப் பூச்சு என்பது மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், மொபெட் முதலிய விசையுந்துகளின் உடற்பகுதியில் ஏற்படும் சிறு உராய்வுகளையும் கீறல்களையும், வண்டியின் நிறத்துக்குப் பொருந்தும் வண்ணப்பூச்சினால் அவ்விடத்தில் மட்டும் மூடும் பழுதுபார்ப்பு முறையாகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது "டச்சப்" என்று வழங்கப்படுகிறது. வண்டி முழுவதற்கும் புதிதாக வண்ணம் அடிப்பதிலிருந்து இது வேறுபட்டது.

இம்முறையின் முதன்மையான சிக்கல் நிறப்பொருத்தம் ஆகும். தொழிற்சாலை வழங்கும் நிறக்குறியீடு, வண்டி புதிதாக இருந்தபோது கொண்டிருந்த நிறத்தையே குறிக்கிறது. பல ஆண்டுகள் வெயிலில் நின்ற வண்டியின் இன்றைய நிறம் அதிலிருந்து விலகியிருக்கும். ஆகையால் குறியீட்டின்படி சரியாகக் கலக்கப்பட்ட பூச்சும் பழைய வண்டியில் தனித்துத் தெரியக்கூடும். மதுரையும் அதைச் சூழ்ந்த சமவெளியும் போன்ற, ஆண்டின் பெரும்பகுதி கடும் வெயில் காயும் பகுதிகளில் இவ்வேறுபாடு கூடுதலாகக் காணப்படும்.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வண்டிகளுக்கு எண்ணெய் சார்ந்த பூச்சுகளும் வார்னிஷும் பயன்பட்டன. இவை அடுக்கடுக்காக உலர்வதற்குப் பல நாட்கள் பிடித்தன. 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் "டூகோ" என்னும் பெயரில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை அறிமுகப்படுத்தியது. ஜெனரல் மோட்டார்ஸ் குழுமத்தின் ஓக்லண்ட் கார்களுக்கு அது முதலில் பூசப்பட்டது. சில மணி நேரத்தில் உலர்ந்ததால் இப்பூச்சு விரைவில் பரவியது. இந்தியாவில் இவ்வணிகப்பெயர் நாளடைவில் பொதுப்பெயராகித் தெளிப்பு முறையில் வண்ணம் அடிக்கும் தொழிலையே "டூகோ பெயிண்டிங்" என்று அழைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

தென்னிந்திய வாகனத் தொழிலில் மதுரைக்குத் தனி இடம் உண்டு. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய போக்குவரத்துத் தொழிலிலிருந்து வளர்ந்ததே டி.வி.எஸ். குழுமம். இக்குழுமத்தின் டி.வி.எஸ். 50 மொபெட் 1980ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து வெளிவந்தது. சென்னையில் 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து புல்லட் விசையுந்துகளை இங்கு உருவாக்கத் தொடங்கியது. பால் கேன், பூ மூட்டை, காய்கறிச் சாக்கு ஆகியவற்றைச் சுமந்து ஊருக்கும் சந்தைக்கும் செல்லும் மொபெட்டுகளில், சுமை உராயும் இடங்களில் பூச்சு தேய்வது இயல்பு. இவ்வண்டிகளுக்குத் திருத்தப் பூச்சு அழகுக்காக மட்டுமன்றித் துருப்பிடிப்பதைத் தடுப்பதற்காகவும் தேவைப்படுகிறது.

பூச்சின் அடுக்குகள்

தற்கால விசையுந்தின் உலோகப் பகுதியில் பொதுவாகப் பின்வரும் அடுக்குகள் அமைகின்றன:

- அடிப்பூச்சு (பிரைமர்): உலோகத்தைப் பற்றிக்கொண்டு துருவைத் தடுப்பது.
- நிறப்பூச்சு: நிறமிகளையும், சிலவற்றில் அலுமினியத் துகள்களையும் அல்லது மைக்காவையும் கொண்டது.
- தெளிபூச்சு (கிளியர்): நிறமற்றது, பளபளப்பைத் தந்து வெயிலிலிருந்து காப்பது.

இவை யாவும் சேர்ந்த தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். கருப்பு, வெள்ளை போன்ற சில எளிய நிறங்களில் தனித் தெளிபூச்சு இல்லாமல் நிறப்பூச்சே பளபளப்பைத் தருவதும் உண்டு.

கீறல் எந்த அடுக்கு வரை சென்றுள்ளது என்பதே முதலில் அறிய வேண்டியது. கீறலின் மீது சிறிது தண்ணீர் தடவும்போது அது மறைந்தால், சேதம் தெளிபூச்சோடு நின்றுவிட்டது எனக் கொள்ளலாம். விரல் நகம் சிக்காத கீறலும் பெரும்பாலும் இவ்வகையினதே. இவற்றுக்கு வண்ணம் தேவையில்லை. மெருகுப் பசையால் (ரப்பிங் காம்பவுண்ட்) தேய்த்தாலே போதும். மற்றொரு வண்டி உரசியதால் ஒட்டிக்கொண்ட அயல் நிறமும் பல வேளைகளில் கீறல் போலத் தோன்றும். இதையும் தேய்த்தே நீக்கலாம். சாம்பல் நிற அடிப்பூச்சோ உலோகமோ தெரியும் கீறலுக்கே திருத்தப் பூச்சு வேண்டும். உலோகம் தெரிந்தால் தாமதிக்கலாகாது. மழைக்காலத்தில் துரு, கீறலின் ஓரத்திலிருந்து நல்ல பூச்சின் அடியிலும் பரவும்.

நிறக்குறியீடு

தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குறியீடு வழங்குகின்றனர். இது வண்டிக்கு வண்டி வெவ்வேறு இடங்களில் காணப்படும்: இருக்கையின் அடியிலுள்ள ஒட்டுத்தாள், சட்டகம், அல்லது உதிரிபாகப் பட்டியல். ஹோண்டா நிறுவனத்தின் குறியீடுகள் மன்செல் நிற முறையை ஒட்டியவை. அவற்றில் "ஆர்" என்பது சிவப்பையும், "பி.பி." என்பது ஊதா சார்ந்த நீலத்தையும், "என்.ஹெச்." என்பது கருப்பு, வெள்ளை, சாம்பல் ஆகிய நிறங்களையும் குறிக்கும். இறுதியில் "எம்" வந்தால் உலோகத் துகள் கொண்டது என்றும், "பி" வந்தால் முத்துப்பூச்சு என்றும் பொருள்.

விளம்பரங்களில் வரும் நிறப்பெயர்களை மட்டும் நம்பிப் பூச்சு வாங்குதல் பிழையாகும். "சிவப்பு", "நீலம்" எனப் பதிவுச் சான்றிதழில் உள்ள சொல்லும் இதற்குப் போதாது. ஒரே நிறுவனம் பல ஆண்டுகளில் பல சிவப்புகளை வெளியிட்டிருக்கும்.

நிறம் பொருந்தாமைக்கான காரணங்கள்

வெயில்: புற ஊதாக் கதிர்கள் நிறமிகளையும் பிசினையும் சிதைக்கின்றன. சில சிவப்பு, மஞ்சள் நிறமிகள் விரைவாக வெளிறுகின்றன. கருப்பு மிகக் குறைவாகவே மாறுகிறது. மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வடக்கு அகலாங்கில் இருப்பதால், நண்பகல் வெயில் ஆண்டு முழுவதும் உயர்ந்த கோணத்திலிருந்தே விழுகிறது. எனவே எரிபொருள் தொட்டியின் மேற்பரப்பு அதன் பக்கங்களைவிட முன்னதாக வெளிறும். இருக்கை மறைத்திருந்த பகுதியை வெளிப்பகுதியுடன் ஒப்பிட்டால் எவ்வளவு நிறம் மாறியுள்ளது என்பது தெரியவரும்.

ஒளி: இரண்டு பூச்சுகள் ஒரு விளக்கொளியில் ஒன்றாகவும் மற்றோர் ஒளியில் வேறாகவும் தோன்றலாம். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். வெவ்வேறு நிறமிகளைக் கலந்து ஒரே தோற்றத்தைப் பெறும்போது இது நிகழ்கிறது. பட்டறையின் குழல்விளக்கில் பொருந்திய நிறம் தெருவில் பொருந்தாமற் போவதன் காரணம் இதுவே. ஆகவே பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத திறந்த நிழலில் வைத்து ஒப்பிடுவதே முறையாகும்.

துகள்களின் கிடப்பு: உலோகத் துகள் பூச்சுகளில் அலுமினியத் துகள்கள் சிறு கண்ணாடிகளைப் போல ஒளியைத் திருப்புகின்றன. தெளிப்பானால் அடிக்கும்போது அவை ஒருவாறு படுத்து அமைகின்றன. தூரிகையால் தடவும்போது தாறுமாறாகக் கிடக்கின்றன. இதனால் ஒரே குப்பியிலிருந்து எடுத்த பூச்சே தூரிகையில் கருத்தும் தெளிப்பானில் வெளுத்தும் தோன்றலாம். மிகுந்த ஈரத்துடன் தெளித்தாலும் நிறம் கருமை கொள்ளும். நேராகப் பார்க்கையில் பொருந்தியது, சாய்வாகப் பார்க்கையில் பொருந்தாமல் இருப்பதும் உண்டு.

உலர்தல்: பல பூச்சுகளின் நிறம் ஈரமாக இருக்கும்போது ஒன்றாகவும் உலர்ந்தபின் சற்றே ஆழ்ந்தும் இருக்கும். தெளிபூச்சு ஏறிய பின்னர் அது மேலும் ஆழம் பெறும். குப்பியிலுள்ள பூச்சை வண்டியின் அருகே பிடித்துப் பார்த்து முடிவு செய்வது இக்காரணத்தால் தவறான முடிவைத் தரும்.

பொருத்தும் முறைகள்

பெரிய வண்ணக்கடைகளில் அடிப்படைச் சாயங்களை எடை அளவில் சேர்க்கும் கலவைச் சூத்திரங்கள் கணினியில் உள்ளன. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் எனப்படும் நிறமாலை ஒளிமானி, வண்டியின் பரப்பிலிருந்து திரும்பும் ஒளியை அலைநீளவாரியாக அளந்து, நெருங்கிய சூத்திரத்தைக் காட்டும். பவுல் குபெல்கா, பிரான்ஸ் முங்க் ஆகியோர் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒளிச்சிதறல் கோட்பாடு இத்தகைய கணிப்புகளுக்கு அடிப்படையாக அமைந்தது.

சிறு பட்டறைகளில் அனுபவமிக்க பெயிண்டர் கண்ணாலேயே நிறம் பொருத்துகிறார். குறியீட்டின்படி உள்ள கலவையைத் தொடக்கமாகக் கொண்டு, சொட்டுச் சொட்டாக வெள்ளை, கருப்பு, மஞ்சள் முதலியவற்றைச் சேர்த்து வண்டியின் இன்றைய நிறத்தை நெருங்குகிறார். ஒவ்வொரு கலவையையும் ஒரு தகட்டுத் துண்டில் அடித்து, உலர்த்தி, தெளிபூச்சும் ஏற்றிய பின்னரே வண்டியோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிடும் முன் வண்டியின் அப்பகுதியை மெருகுப் பசையால் தேய்த்து, வெளிறிப் பொடிந்த மேற்படலத்தை நீக்குதல் இன்றியமையாதது. இல்லையெனில் பொருத்தப்படுவது நிறமாக இராது, அழுக்காகவே இருக்கும்.

புல்லட் தொட்டிகளில் கையால் வரையப்பட்ட பொன்னிறக் கோடுகள் தனிச் சிக்கலாகும். கோட்டின் குறுக்கே கீறல் சென்றிருந்தால் முதலில் அடிநிறத்தைத் திருத்தி, பின்னர் கோட்டை மீண்டும் வரைய வேண்டும்.

செய்முறை

1. பகுதியைச் சோப்பு நீரால் கழுவி, எண்ணெய்ப் பசையும் மெழுகும் நீங்கத் துடைத்தல்.
2. துரு இருப்பின் முற்றிலும் அகற்றுதல். கீறலின் ஓரங்களை 600 முதல் 1000 வரையிலான எண்ணுடைய நீர் உப்புத்தாளால் மென்மையாக்குதல்.
3. வெற்று உலோகத்தில் அடிப்பூச்சு இடுதல். பாலிபுரோப்பிலீன் போன்ற நெகிழிப் பகுதிகளுக்கு அவற்றுக்கென உள்ள பற்றுப்பூச்சு தேவை.
4. நிறப்பூச்சை மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் உலர இடைவெளி விட்டு இடுதல்.
5. தெளிபூச்சு இடுதல்.
6. நன்கு இறுகிய பின் 2000 எண் உப்புத்தாளாலும் மெருகுப் பசையாலும் சமன் செய்தல்.

நுண்ணிய கீறலுக்கு மெல்லிய தூரிகையோ பல்குத்தும் குச்சியோ போதும். பூச்சு கீறலுக்குள் மட்டும் நிற்க வேண்டும். வெளியே படர்ந்தால் சிறு நிற வேறுபாடும் பெரிதாகத் தெரியும். உள்ளங்கையளவு திருத்தத்துக்கு, தொட்டியின் விளிம்பு, மடிப்பு அல்லது ஒட்டுப்படத்தின் ஓரம் வரை கொண்டுசென்று முடித்தால் எல்லை கண்ணில் படாது.

கருப்பு வண்டிகளில் நகப்பூச்சைத் தடவும் வழக்கமும் காணப்படுகிறது. பெரும்பாலான நகப்பூச்சுகள் நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையிலானவையாதலால் இதில் வியப்பில்லை. எனினும் இது அடிப்பூச்சாகாது. வெயிலையும் பெட்ரோலையும் நெடுநாள் தாங்காது. எரிபொருள் தொட்டியின் மூடியருகே பெட்ரோல் சிந்தும் இடத்தில், வினையூக்கி கலந்து இறுகும் இருகூற்றுத் தெளிபூச்சே நிலைக்கும்.

தட்பவெப்பத்தின் தாக்கம்

கோடையில் வெயிலில் நின்ற உலோகத்தின் மீது தெளித்தால், தின்னர் உடனே ஆவியாகிப் பூச்சு பரவாமல் சொரசொரப்பாகிவிடும். காலை வேளையில், நிழலில், வண்டி ஆறிய பின் செய்வது நல்லது. மாறாக, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து அதன் மேல் காற்றின் ஈரம் படிகிறது. இதனால் லாக்கர் பூச்சு பால் போல வெளுக்கும். மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சேர்த்து இதைத் தவிர்க்கலாம். செம்மண், கரிசல் மண் பகுதிகளில் காற்றில் எழும் புழுதி ஈரப்பூச்சில் ஒட்டாதிருக்க, சுற்றிலும் நீர் தெளித்து வைப்பதும் உண்டு.

பாதுகாப்பு

இருகூற்றுப் பூச்சுகளின் வினையூக்கியில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. இவற்றின் தெளிப்பு மூச்சுக்குழாயில் ஒவ்வாமையையும் ஈளை நோயையும் (ஆஸ்துமா) உண்டாக்க வல்லது. துணி முகமூடி இதற்குப் போதாது. உரிய சுவாசக் கவசம் வேண்டும். தொட்டியைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, நெருப்பில்லாத காற்றோட்டமான இடத்தில் வேலை செய்தல் வேண்டும்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், வீட்டு உபயோக, அலங்காரப் பூச்சுகளில் காரீயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்காக வரையறுத்தன. வாகனங்களுக்கான தொழில்துறைப் பூச்சுகளுக்கு இவ்விதிகள் பொருந்தா. பழைய மஞ்சள், ஆரஞ்சு நிறப் பூச்சுகளில் காரீயக் குரோமேட்டு இருக்கக்கூடும் என்பதால் உலர்நிலையில் தேய்க்காமல் நீரிட்டுத் தேய்ப்பதும், கழிவு நீரைக் குழந்தைகள் புழங்கும் இடத்தில் ஊற்றாதிருப்பதும் நன்று.

சட்டமும் காப்பீடும்

வண்டியின் நிறம் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்படுகிறது. அதே நிறத்தில் கீறலைத் திருத்துவது நிறமாற்றம் ஆகாது. வண்டியை வேறு நிறத்துக்கு மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றிதழில் திருத்தம் பெற வேண்டும்.

சிறு கீறலுக்குக் காப்பீட்டுத் தொகை கோருவது பெரும்பாலும் பயன் தருவதில்லை. ஓராண்டு கோரிக்கை இல்லாதோருக்கு அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை உயரும் தள்ளுபடி, ஒரு கோரிக்கையால் இழக்கப்படுகிறது. வழக்கமான காப்பீட்டில் பூச்சுப் பொருளின் விலையில் பாதி தேய்மானமாகவும் கழிக்கப்படும்.